போனில் கடை சைட் திறக்க நேரமாகுது, தமிழில் தேடினால் வரலை. எங்கே கோளாறு?

தறிவீடு:
வணக்கம். சென்னிமலையில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம். வேர்ட்பிரஸ் சைட். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருக்கு. போனில் முதல் பக்கம் வர கால் நிமிஷம் ஆகுது. மேலே 5 படம் மாறி மாறி ஓடும். சரக்கு விவரம் எல்லாம் போஸ்டர் படம். கூகுளில் தமிழில் "சென்னிமலை போர்வை"ன்னு தேடினா எங்க சைட் கண்ணிலேயே படலை. மொத்தமா புதுசாச் செய்ய 40,000 கேட்கிறாங்க. கொடுக்கலாமா?

பிக்சல்பாண்டி:
இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீங்க. க்ரோமில் சைட்டைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய் ரீலோடு பண்ணுங்க. கீழே மொத்தம் எத்தனை எம்பின்னு காட்டும். அதைச் சொல்லுங்க.

தறிவீடு:
23 எம்பி. ஓடும் படம் ஒவ்வொண்ணும் 4 எம்பிக்கு மேல.

பிக்சல்பாண்டி:
23 எம்பி என்றால் 184 மெகாபிட். நொடிக்கு 12 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் 15 நொடி. நீங்க சொன்ன கால் நிமிஷம் அதேதான். கடைக் கம்ப்யூட்டருக்கு வேகமான ஃபைபர் இணைப்பு இருக்கும், அதனால அதில் தெரியலை.

ஓடும் படத்தை எடுத்துடுங்க. இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டாங்க. ஒரே படம் போதும். அகலம் 1200 பிக்சல், வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவம், தரம் 75. ஸ்குவூஷ் தளத்தில் இலவசமாவே மாத்தலாம். நெசவு நெருக்கமாத் தெரியும் படம் சாதாரணப் படம் அளவுக்குச் சுருங்காது, 250 கேபிக்குள் நின்றால் சரி. ரொம்ப அழுத்தினா கட்டம் போட்ட போர்வை சாயம் போனது மாதிரித் தெரியும், துணிக் கடைக்கு அது ஆகாது.

முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடு (படத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் வசதி) வேண்டாம். சில ப்ளகின்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) எல்லாப் படத்துக்கும் அதைப் போட்டுவிடும். முதல்ல தெரிய வேண்டிய படமே கடைசியா வரும். முடிச்சதும் கூகுளின் வேகம் அளக்கும் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பக்கத்தைப் பாருங்க. எல்சிபி, அதாவது திரையின் பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம், 2.5 நொடிக்குள் வரணும்.

எழுத்தாணி:
தேடலில் வராததுக்கு வேகம் காரணமா இருக்காதுன்னு தோணுது. சைட்டில் இருக்கும் ஒரு தமிழ் வரியை காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க. தமிழாவே வருதா?

தறிவீடு:
இல்லைங்க. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கொட்டுது!

எழுத்தாணி:
பாமினியில் அடிச்சிருக்காங்க. அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைக்கும் பழைய முறை. பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. பிறகு எப்படித் தேடலில் பொருந்தும்? என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு, இப்போ எல்லா இடத்திலும் பயன்படும் எழுத்துமுறையான யூனிகோடாக்குங்க. எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்க, அங்கேதான் பிழை ஒளிஞ்சிருக்கும். பக்கத் தலைப்பை மறக்காதீங்க.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், வரி உயரம் 1.7. ஆங்கிலத்துக்குப் போட்ட 1.2-இல் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கி'யும் இடிச்சுக்கும்.

போஸ்டரும் அதே நோய்தான். படத்துக்குள் இருக்கும் விலையைத் தேடவும் முடியாது, போனில் படிக்கவும் முடியாது. ஒவ்வொரு போர்வைக்கும் அளவு (60×90 அங்குலம் மாதிரி), எடை, சாயம் போகுமா, விலை, குறைந்தது எத்தனை எடுக்கணும் என்பதை எழுத்தாப் போடுங்க. மொத்தமா எடுக்கிறவர் முதலில் கேட்பது கடைசி இரண்டும்தான். பக்கங்களின் முகவரியை மட்டும் மாத்தாதீங்க. மாத்தியே ஆகணும்னா பழையதிலிருந்து 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்குத் திருப்பிவிடுவது) கொடுக்கணும். பிறகு சைட் உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் மறுபடி இண்டெக்ஸ் பண்ண (தேடல் பட்டியலில் சேர்க்க) சொல்லிக் கேளுங்க. உடனே மாறாது.

தறிவீடு:
படம் மாத்தியாச்சு, முதல் பக்கம் இப்ப 1.1 எம்பி. பாமினி வேலை பாதி முடிஞ்சுது. இரண்டு சிக்கல்: வாட்ஸ்அப் பட்டனை அழுத்தினா நம்பர் தப்புன்னு சொல்லுது. ஐபோனில் விசாரணைப் படிவத்தைத் தொட்டாலே பக்கம் பெருசாகிடுது.

பிக்சல்பாண்டி:
வாட்ஸ்அப் இணைப்பில் 91, அதை ஒட்டி 10 இலக்கம். கூட்டல் குறி, முன்னால் 0, நடுவில் இடைவெளி எதுவும் கூடாது. படிவத்தில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தா ஐபோன் தானாப் பெரிதாக்கும், 16 ஆக்குங்க. பெயர், போன், என்ன சரக்கு: மூணு கட்டம் போதும், ஜிஎஸ்டி எண்ணெல்லாம் போனில் பேசும்போது வாங்கிக்கலாம்.

தறிவீடு:
0 இருந்தது, எடுத்ததும் பட்டன் வேலை செய்யுது. படிவமும் சரி. மீதிப் பாமினியை இந்த வாரம் முடிச்சுடறேன்.