தாலாட்டு ஏன் எடுபடேல்லை? இசைச் சிகிச்சை படிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை_சுருதி:
முதியோர் இல்லம், பின்னேரம் அஞ்சு மணி. மறதி நோய் வந்த ஐயா ஒருத்தர் விறாந்தையில அங்கயும் இஞ்சயும் நடக்கிறார். பயிற்சிக்கு வந்த பிள்ளை நீலாம்பரி ராகத்தில தாலாட்டொண்டை மெதுவாத் தொடங்கினா. மூண்டாவது வரியில ஐயா வந்து சுருதிப்பெட்டியின்ர துருத்தியை ரெண்டு கையாலயும் அமத்திப் பிடிச்சார். அந்தக் கை இன்னும் கண்ணுக்க நிக்குது. பிழை எங்க?

கொட்டாஞ்சேனை_கஞ்சிரா:
வேகத்தில. 1948இல அல்ட்சூலர் எண்ட மனநல வைத்தியர் எழுதின ஐசோ தத்துவம்: ஆள் நிக்கிற இடத்திலயே இசை தொடங்கோணும். காலடியை அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்குங்கோ. நிமிசத்துக்கு 110 காலடி எண்டா கஞ்சிராவும் 110 தட்டு. காலும் தாளமும் ஒண்டா விழுமட்டும் குறைக்கக் கூடாது. பிறகு தட்டை நாலு நாலாக் குறைச்சு வேகத்தை இறக்குங்கோ. கால் திரும்ப ஓடினா நீங்களும் ஓடுங்கோ.

தெஹிவளை_வீணை:
நீலாம்பரி நித்திரைக்கு எண்டுதானே சொல்லுறவை?

கொட்டாஞ்சேனை_கஞ்சிரா:
அது கேட்டு வளந்தவைக்கு. ராகப் பட்டியல் மருந்துச்சீட்டில்லை. ஐயா இளந்தாரி வயசில கேட்டது பைலா ஆட்டப்பாட்டு எண்டா? அதிலயும் ஒரு பொறி இருக்கு, சிக்ஸ்-எய்ட், ஆறு சின்ன அடி வாற தாளம். தாளம் தட்டுற கருவி மெட்ரோனோமை 110இல வைச்சு ஒவ்வொரு சின்ன அடிக்கும் தட்டினா, கால் விழுற அடி நிமிசத்துக்கு 37 கூட வராது. மூண்டு சின்ன அடிக்கு ஒரு கால்.

பம்பலப்பிட்டி_பேச்சு:
கேக்கேல்லைத்தான், எண்டாலும் சொல்லுறன். பாரிசவாத வார்ட்டிலயும் இதே அவசரம். பேச்சுப் போனவர் தேவாரத்தை முழுசாப் பாடினவுடன "பேச்சு வந்திட்டு" எண்டு பதிவில எழுதுறவை இருக்கினம். மனப்பாடம் தானா வாறது, தண்ணி கேக்க உதவாது. சொல்லைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லவைச்சுப் பேச்சுப் பழக்கிற, 1973இல வந்த மெலடிக் இன்டொனேசன் முறை வேற. அதுக்கு ஏத்த ஆளுக்கு மற்றவை சொல்லுறது விளங்கும், வாய்தான் தடக்கும். ரெண்டே சுரம், கீழ சட்ஜமும் மேல சாதாரண காந்தாரமும் போதும், அழுத்தம் விழுற அசை மேல் சுரத்தில. இடக்கையைப் பிடிச்சு அசைக்கு ஒரு தட்டு: தண்-ணி-தா, மூண்டு. முதல் வாய்மூடி முனகுங்கோ, பிறகு சேர்ந்து பாடி, பாதியில உங்கட குரலை விடுங்கோ. பிறகு அவர் தனிய. கடைசியா "என்ன வேணும்?" எண்டு கேளுங்கோ. அவசரப்பட்டா கை முந்தும், வாய் பிந்தும். சுரத்தை வளைச்சுக் கமகம் போட்டு அழகாக்காதேங்கோ, அசை தொலைஞ்சிடும்.

வெள்ளவத்தை_சுருதி:
நான் கேட்டது ஐயாவைப் பற்றி. விறாந்தை முடிய அவர் திரும்புறதையும் எண்ணுறதோ?

கொட்டாஞ்சேனை_கஞ்சிரா:
வேண்டாம். நேர் நடையில பத்துக் காலடிக்கு எத்தனை செக்கன் எண்டு பாருங்கோ. 600ஐ அதால பிரியுங்கோ, வாறதுதான் நிமிசத்துக்கு எத்தனை காலடி எண்டது.