கழித்தல் கணக்கு: வீட்டில் சொல்லித்தர யோசனை வேணும்

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து டீச்சர்களே, பெற்றோரே, ஒரு உதவி.

மூணாம் வகுப்புப் பிள்ளைங்க 52-ல 27 போனா 35-னு எழுதுறாங்க. கவனக்குறைவு இல்லை. 2-ல 7 போகாதுன்னு பார்த்ததும் 7-ல 2-ஐக் கழிச்சுடுறாங்க. திட்டிப் பிரயோசனமே இல்லை.

நடவு நேரத்துல அம்மா அப்பா இருட்டினப்புறம்தான் வீடு திரும்புறாங்க, பத்து நிமிஷம் கிடைச்சாலே பெருசு. அதனால தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடிச்சு, பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு வைக்கச் சொல்றோம். 5 கட்டு, 2 உதிரி வச்சு, "இதுல 27 எடுத்துக் குடு கண்ணு"ன்னு கேட்கணும். உதிரி பத்தாம பிள்ளை ஒரு கட்டைப் பிரிக்கும். 12 உதிரியில 7 போக 5, மிச்சம் 4 கட்டுல 2 போக 2. ஆக 25. கட்டை அம்மா பிரிச்சுக் குடுத்துடக் கூடாது. கணக்கே அங்கதான் இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதை நடத்தலாம்.

குச்சியில சரியாச் செய்யுற பிள்ளை நோட்டுல மறுபடி 35-னு எழுதுது. 302-ல 145 மாதிரி நடுவுல சுழி வந்தா அப்படியே நின்னுடுது. கட்டைப் பிரிச்ச உடனே நோட்டுல 5-ஐ அடிச்சு 4 எழுத வைக்கலாமா? இல்ல, இடையில கட்டையும் குச்சியையும் படமா வரைய வைக்கணுமா? வகுப்புல செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. 100, 10, 1 ரூபாய் விளையாட்டு நோட்டு இருந்தாலும் குடுத்து உதவுங்க.