டைகர் உட்ஸ் மன்னிப்புக் கேட்டபோது நம்ம ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள்?

வைகைக்கரை எழுதியது:

2010 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரத்துக்கு இரவு ஒன்பதரை மணி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டிபிசி சாக்ராஸ் கோல்ஃப் வளாகத்தில், உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் மைக் முன்னால் நின்று மனைவிக்குத் துரோகம் செய்ததை ஒப்புக்கொண்டார். 13 நிமிடத்துக்கு மேல் பேசினார். கேள்வி கேட்க யாருக்கும் அனுமதி இல்லை. அதனால் அங்குள்ள கோல்ஃப் எழுத்தாளர் சங்கமே அந்த நிகழ்ச்சியைப் புறக்கணித்தது.

மதுரையில் கோல்ஃப் ஆடுபவர் யார் இருக்கிறார்கள்? மைதானத்தைப் பார்க்கவே கொடைக்கானலுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் மறுநாள் எங்கே போனாலும் இதே பேச்சு. விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புருஷன், பொண்டாட்டி, மானம், பணம், இது மட்டும்தான். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அன்றைக்கு உங்களைச் சுற்றி இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? நினைவிருப்பதை எழுதுங்கள்.

என் வீட்டில் நடந்தது இது. ஆங்கிலச் சேனலில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சொல்றான் தாயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். வாழ்நாள் முழுக்கக் கடுமையாக உழைத்தேன், அதனால் என்னைச் சுற்றி இருந்த ஆசைகளை எல்லாம் அனுபவிக்க எனக்குத் தகுதி உண்டு என்று நினைத்துவிட்டேன் என்பது மாதிரி ஓர் இடத்தில் சொன்னார். அதைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ஒண்ணுதான் நெசம். மத்ததெல்லாம் எழுதிக் குடுத்தது. இதை எந்த ஆம்பளையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான்" என்றார்.

முன்வரிசையில் உட்ஸின் அம்மா இருந்தார். பேசி முடித்ததும் போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனைவி எலின் வரவில்லை. "பொண்டாட்டி எங்க?" என்று அத்தை கேட்டார். வரவில்லை என்றேன். "நல்லவேளை. வந்திருந்தா அந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா கேமராவைத் திருப்பி, மன்னிச்சிட்டியா மன்னிச்சிட்டியான்னு உசுரை எடுத்திருப்பாய்ங்க" என்றார்.

மறுநாள் ஆபீஸில் பேச்சு வேறு மாதிரி போனது. 2009 நவம்பர் 27 அதிகாலை உட்ஸ் தன் வீட்டுக்கு வெளியே காரை மோதியதில் தொடங்கி, அக்செஞ்சர் கம்பெனி விளம்பர ஒப்பந்தத்தை முறித்தது, ஏடி அண்டு டி கம்பெனி விலகியது, செருப்பு விற்கும் நைக்கி கூடவே நின்றது என்று ஆண்கள் எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். எத்தனை கோடி போச்சு என்பதுதான் அவர்களுடைய கவலை. அதுகூடப் பரவாயில்லை. எல்லோரும் மதிக்கிற ஒரு சீனியர், "இவ்வளவு பெரிய ஆளு உலகத்துக்கே முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டான். இன்னும் அந்தம்மாவுக்கு என்ன வீம்பு?" என்று சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான்தான் பேசினேன். உண்மையான மன்னிப்பு வார்த்தையில் இல்லை, இனி நடந்துகொள்வதில்தான் இருக்கிறது என்று எலின் தன்னிடம் சொன்னதாக உட்ஸே அதே பேச்சில் சொன்னாரே, அதை நீங்கள் கேட்கவில்லையா என்றேன். கேட்கவில்லை என்றுதான் பதில் வந்தது. அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.

மேலூர்க்காரன் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன அந்த 'வீம்பு' என்ற சொல்லை நான் அதே வருஷம் எங்கள் ஊர்க் கூட்டம் கூடும் மந்தையில் கேட்டேன்.

எங்கள் பக்கம் கபடியில் பேர்போன ஓர் அண்ணன் இருந்தார். பேர் வேண்டாம். அவர் பாடிப் போனால் எதிர் அணியில் கால் நடுங்கும். பொங்கலுக்குச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் அவருக்காகவே கூட்டம் வரும். சுழற்கோப்பை, கிடாய் என்று ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தபோது, வெளியூரில் இன்னொரு பெண்ணோடு பழக்கம் என்று தெரியவந்தது. அவர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

கோடை காலம். மந்தையில் கூட்டம் போட்டார்கள். அண்ணன் சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அழுதார், அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தெண்டம் போட்டார்கள், அங்கேயே கட்டினார். அப்போது வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருத்தர் எழுந்தார். "உலகத்துலயே பெரிய பிளேயர், அமெரிக்காக்காரன், டிவியில மன்னிப்புக் கேட்டான். ரெண்டே மாசத்துல மறுபடியும் ஆட வந்துட்டான். அவனையே விட்டுட்டாய்ங்க, இவனை விடக்கூடாதா?" என்றார். கூட்டம் ஆமா ஆமா என்றது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த ஏப்ரலில் உட்ஸ் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டிக்குத் திரும்பி, நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். எங்கள் ஊருக்கு அந்தச் சேதி இப்படி வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக்கா ஓரத்தில் பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்கு அவரை வரச் சொன்னார்களே தவிர, பேசச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பெரியவர், "சரி, முடிஞ்சது. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ தாயி, வீம்பு பண்ணாத" என்றார். அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "தெண்டம் மந்தைக்குக் கட்டுனாரு. எனக்கு என்ன கட்டுனாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். சபையில் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரியே டீக்கடையில், "பொம்பளைக்கு இம்புட்டு ஆங்காரம் ஆகாது" என்று பேச்சு ஓடியது. பகல் வரைக்கும் குற்றவாளி அண்ணன். அவர் விழுந்து கும்பிட்ட பிறகு குற்றவாளி அக்கா. எனக்கு அப்போது கல்லூரி வயசு. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன், இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சிம்மக்கல் எழுதியது:

எனக்கு நினைவிருப்பது அந்த நைக்கி விளம்பரம். 2010 ஏப்ரல், மாஸ்டர்ஸ் தொடங்குகிற சமயம். உட்ஸ் கேமராவைப் பார்த்துச் சும்மா நிற்பார், 2006இல் இறந்துபோன அவர் அப்பாவின் பழைய குரல் பதிவு ஓடும். எங்கள் கடையில் வேலை பார்த்த பையன் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து காட்டினான். கடைக்கு வந்த ஒரு பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "செத்த மனுசனை எதுக்குப்பா இதுல இழுக்கிறாய்ங்க" என்று கேட்டார். எனக்கும் அதே கோபம்தான், இன்றைக்கும் மாறவில்லை. மன்னிப்புக் கேட்டதை நான் மதித்தேன். அதை வைத்துச் செருப்பு விற்றதை மதிக்க முடியாது.

கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

மதுரையில் ஒரு வக்கீலிடம் பல வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். குடும்ப நல வழக்குகள் நிறைய வரும். உட்ஸ் விஷயம் பேப்பரில் வந்தபோது, எங்கள் அலுவலகத்துக்கு வந்த பெண்கள்கூட அதைப் பற்றிக் கேட்டார்கள். "அந்தூர்ல அவனை ஜெயில்ல போடுவாங்களாண்ணே?" என்று ஒரு அக்கா கேட்டது நினைவிருக்கிறது. அவருடைய சொந்தக் கேள்வி அதற்குள்ளே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்போது நம்ம நாட்டில் 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு நடைமுறையில் இருந்தது. அடுத்தவர் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுடைய கணவனுக்குத்தான். துரோகம் செய்தவனின் மனைவிக்கு அந்தப் பிரிவில் ஒரு வழியும் கிடையாது. இதைச் சொன்னால் வந்த பெண்கள் நம்பவே மாட்டார்கள். "எனக்குத்தானண்ணே கெட்டுப்போச்சு, நான் குடுக்கக்கூடாதா?" என்பார்கள். 2018 செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவையே செல்லாது என்று சொல்லிவிட்டது. இப்போது அது குற்றமில்லை, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக இருக்கிறது.

மேலூர்க்காரன் தம்பி சொன்ன மந்தைச் சம்பவத்தைப் படித்ததும் எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றியது. இந்து திருமணச் சட்டம் 23ஆவது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கணவனின் தகாத உறவைக் காரணம் காட்டி மனைவி விவாகரத்துக் கேட்டால், அவர் அதை ஏற்கெனவே மன்னித்து ஏற்றுக்கொண்டாரா என்று கோர்ட்டு பார்க்கும். மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தார் என்று தெரிந்தால், அந்தக் காரணமே விழுந்துபோகலாம். அவன் மறுபடியும் அதே தப்பைச் செய்தால் பழையதும் உயிர்பெறும், அது வேறு விஷயம். ஆக, ஊர் கூடி "கூட்டிட்டுப் போ" என்று தள்ளிவிடுவது சாதாரணக் காரியம் இல்லை. அந்தப் பெண் மனசார மன்னித்திருக்க மாட்டார், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்து வைப்பார். ஊர் முன்னால் கணவன் மன்னிப்புக் கேட்டதை வாதமாகக் கொண்டுவருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தப் பெண் வந்தாலும் நான் சொல்வது இதுதான்: அவர் கேட்கட்டும் தாயி, கேட்பதைத் தடுக்காதீங்க. ஆனா உங்க பதிலை யாரும் அவசரப்படுத்த விடாதீங்க.

தெற்குவாசல் எழுதியது:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

என் அப்பாவும் அப்படி இருந்தவர்தான். சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன் என்று சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. உட்ஸ் பேசியதை மறுநாள் செய்தியில் தமிழில் காட்டினார்கள். நானும் அம்மாவும் பார்த்தோம். மன்னிப்பு எழுதிப் படித்ததா, விளம்பரக் கம்பெனிக்காகவா என்றெல்லாம் வெளியே பேசினார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகவே படவில்லை. "தப்பு எம்மேலன்னு சொல்றான் பாரு. பொண்டாட்டி மேல பழியைப் போடலை" என்று சொல்லிவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது உண்மைதான். எலின் என்னை அடித்தார் என்று எழுதுகிறார்களே, அன்றைக்கும் அடிக்கவில்லை, என்றைக்கும் அடித்ததில்லை என்று உட்ஸ் அந்த மேடையில் அழுத்திச் சொன்னார். என் அம்மா மாதிரிப் பெண்கள் எத்தனை பேர் தங்கள் மேல் விழுந்த பழியோடே வாழ்ந்து முடித்தார்கள்? "அவ சரியா இருந்தா இவன் ஏன் போறான்" என்ற பேச்சு எங்கள் தெருவில் அம்மாவைப் பற்றியே ஓடியது. ஊர் முன்னால் ஒருத்தர் வந்து, இவ மேல தப்பில்லை என்று சொல்லியிருந்தால், அம்மா அப்பாவை மன்னித்திருப்பாரோ இல்லையோ, தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருப்பார். அதனால் சபை மன்னிப்பே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ரேஸ்கோர்ஸ் எழுதியது:

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு டிம் பெய்ன் நினைவிருக்கும். 2021 நவம்பரில், இங்கிலாந்தோடு ஆடும் ஆஷஸ் தொடருக்கு முன்னால், ஆஸ்திரேலிய டெஸ்ட் கேப்டன் பதவியிலிருந்து அழுதுகொண்டே விலகினார். 2017இல் ஒரு பெண்ணுக்கு அனுப்பிய ஆபாசக் குறுஞ்செய்திகள் வெளியே வரப்போகிறது என்பதுதான் காரணம். அவர் மனைவி பேட்டியில், நாங்கள் எப்போதோ பேசித் தீர்த்து, மன்னித்தும் ஆயிற்று என்றார். வீட்டுக்குள் முடிந்த கணக்கை, வருஷங்கள் கழித்து உலகம் மறுபடி திறந்து கேட்டது. மைதானத்தில் நான் பயிற்சி கொடுக்கும் பையன்கள் ஆஷஸ் போச்சே என்றுதான் பேசினார்கள். அந்தம்மா இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் மன்னிக்க வேண்டி வந்ததே, அதை யோசித்தீர்களா என்று கேட்டேன். ஒரு பையன், "ஆமா சார், அவங்களுக்கு ரெண்டு தடவை" என்றான்.

வைகைக்கரை எழுதியது:

தெற்குவாசல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழியை நீக்குவதற்கு ஊர் முன்னால் பேசத்தான் வேண்டும், அதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். அவதூறு வெளியே பரவியது, மறுப்பும் வெளியேதான் வர வேண்டும். எனக்கு வலிப்பது அதற்கு அடுத்த கட்டம். அவர் சொல்லி முடித்த உடனே எல்லோரும் மனைவி பக்கம் திரும்பி, உன் முறை என்று காத்திருக்கிறார்களே, அது.

எலின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2010 ஆகஸ்டில் விவாகரத்து ஆனது. ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார், பிறகு ஒதுங்கிக்கொண்டார். படித்தார். 2014இல் ரோலின்ஸ் கல்லூரியில் உளவியல் பட்டம் வாங்கி, பட்டமளிப்பு விழாவில் பேசினார். உட்ஸ் 2019இல் மறுபடியும் மாஸ்டர்ஸ் ஜெயித்தபோது எங்கள் ஆபீஸில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அது பெரிய ஆட்டம்தான். எலின் படித்து முடித்த சேதி அந்த ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மேலூர்க்காரன் தம்பி, அந்தக்கா இப்போது எப்படி இருக்கிறார்?

மேலூர்க்காரன் எழுதியது:

நன்றாக இருக்கிறார் அக்கா. மேலூரில் தையல் கடை வைத்திருக்கிறார், கூட ரெண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கைக்குழந்தையாக இருந்த பையன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான், கபடியும் ஆடுகிறான். அண்ணன் அவ்வப்போது பையனைப் பார்க்க வருவார் என்று கேள்விப்பட்டேன். அக்கா அவரை மன்னித்தாரா என்று ஊரில் இன்னமும் கேட்பவர்கள் உண்டு. நான் சட்டை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அவரோடு பேசுவேன், அதை மட்டும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.