பொருளாதார மந்தத்தில் "அரசு செலவைக் குறை" என்கிற மக்கள், "எதைக் குறைக்க?" என்றால் ஏன் பின்வாங்குகிறார்கள்?

படிப்பாளி (கேள்வி)

பொருளாதாரம் படுத்துக் கிடக்கும்போது எடுக்கும் கருத்துக்கணிப்புகளில் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. "அரசு செலவைக் குறைக்க வேண்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்கிறார்கள். மருத்துவத்தில் குறைக்கலாமா, பள்ளியில், முதியோர் ஓய்வூதியத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறார்கள். இதில் எதை மக்கள் கருத்து என்று கொள்வது? 1,000 பேரிடம் கேட்க ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. கேள்வியை எப்படி அமைத்தால் சரியாக இருக்கும்?

அளவுகோல் (பதில்)

இது புதிதல்ல. அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான காலப் 1935 அக்டோபரில் வெளியிட்ட முதல் கணிப்பே இதைப் பற்றியதுதான். 1930களின் பெருமந்தத்தின் நடுவே, நிவாரணத்துக்கும் மீட்சிக்கும் அமெரிக்க அரசு செய்யும் செலவு அதிகம் என்றார்கள் 60 சதவீதம் பேர். குறைவு என்றவர்கள் 9 சதவீதம்தான். அதே ஆண்டு முடிவதற்குள், வசதியற்ற முதியோருக்கு ஓய்வூதியம் தரலாமா என்று கேட்டபோது 89 சதவீதம் பேர் தரலாம் என்றார்கள்.

இதை முரண்பாடு என்று சொல்லிவிடாதீர்கள். "அரசு செலவு" என்றதும் மக்கள் மனதில் வருவது வீண் செலவு, ஊழல், யாருக்கோ போகும் பணம். "மருத்துவம்" என்றதும் வருவது ஆஸ்பத்திரிப் படுக்கை. கேள்வி மாறினால் பொருளே மாறிவிடுகிறது. அமெரிக்கப் பொதுச் சமூக ஆய்வில் 1980களிலிருந்து பாதிப் பேரிடம் 'வெல்ஃபேர்' (அரசு நல உதவி) என்றும், மீதிப் பேரிடம் 'ஏழைகளுக்கு உதவி' என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது சொல்லுக்கு "போதவில்லை, கூட்டுங்கள்" என்போர் இரண்டு மூன்று மடங்கு. பியூ ஆய்வு மையம் 2013 பிப்ரவரியில் 19 செலவு இனங்களைத் தனித்தனியே கேட்டது. 18ல் "அப்படியே இருக்கட்டும்" அல்லது "கூட்டலாம்" என்றவர்களே பெரும்பான்மை. விதிவிலக்கு வெளிநாட்டு உதவி மட்டும். அது அப்போது அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் கால்வாசி போகிறது என்று பலர் நம்பினார்கள்.

பேரேடு (பதில்)

அதற்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், வருமானம் குறைந்தால் குடும்பம் கட்டும் செட்டுமாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நியாயம். அதையே அரசுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரு குடும்பம் செலவைச் சுருக்கினால் அதன் வருமானம் குறையாது. அரசு சுருக்கினால் குறையும், ஏனென்றால் அதன் செலவு அடுத்தவர் வருமானம். அந்த வருமானத்திலிருந்துதான் வரி வருகிறது.

கணக்காகப் பாருங்கள். ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி) 100, கடன் 100, வரி வருவாய் ஜிடிபியில் 40 சதவீதம். செலவில் 1 குறைக்கிறோம். அந்த 1க்கு ஜிடிபி எவ்வளவு குறைகிறது என்பதுதான் பெருக்கி. பெருக்கி 0.5 என்றால் ஜிடிபி 99.5, வரி இழப்பு 0.2, மிச்சம் 0.8. கடன் 99.2; ஜிடிபியோடு ஒப்பிட்ட கடன் விகிதம் 99.7 சதவீதம். குறைந்திருக்கிறது, நல்லது. பெருக்கி 1.5 என்றால் ஜிடிபி 98.5, வரி இழப்பு 0.6, மிச்சம் 0.4 மட்டும். கடன் 99.6, விகிதம் 101.1. கடனைக் குறைக்கப் போய் கடன் சுமை ஏறிவிட்டது. மந்தத்தில் பெருக்கி பெரிதாகிறது: வட்டி ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தால் மத்திய வங்கியால் ஈடுகட்ட முடியாது, தனியாரும் செலவழிக்கத் தயங்குவார்கள். ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) தன் வளர்ச்சி முன்கணிப்புகளில் 0.5 அளவில் வைத்திருந்த பெருக்கி, 2008 நிதி நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் உண்மையில் 0.9க்கும் 1.7க்கும் இடையே இருந்திருக்கலாம் என்று அந்நிறுவனமே 2012ல் எழுதியது.

படிப்பாளி

அப்படியானால் இந்தக் கணக்கைக் கேள்வியிலேயே விளக்கிவிடலாமா?

அளவுகோல்

கூடாது. விளக்கினால் அது கணிப்பு அல்ல, பிரசாரம். "கடனைக் கட்டுப்படுத்தச் செலவைக் குறைப்பதை ஆதரிக்கிறீர்களா?" என்பதும் அதே தவறுதான், காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஆமாம் போட வைக்கிறது.

மூன்று வழிகளை முன்வையுங்கள்: செலவைக் குறைப்பது, வரியைக் கூட்டுவது, பற்றாக்குறையைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்வது. வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். குறைக்கச் சொன்னவரிடம் "இப்போதேயா, பொருளாதாரம் தேறிய பிறகா?" என்று தனியாகக் கேளுங்கள், பெரும்பாலான கணிப்புகள் கோட்டை விடும் இடம் இதுதான். பிறகு முக்கிய இனங்களைக் காட்டி, 100 புள்ளியில் 5ஐ எங்கே வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். "தெரியாது" என்ற விடையை எடுத்துவிடாதீர்கள். வீட்டில் யாராவது அரசு உதவி பெறுகிறார்களா என்பதைக் கடைசியில் வையுங்கள்; முன்னால் வைத்தால் மற்ற பதில்களெல்லாம் அந்தப் பக்கம் சாயும்.

மொத்தக் கேள்வி முதலில் வருவதும் இனங்கள் முதலில் வருவதும் என இரண்டு தாள்களாக, குலுக்கல் முறையில் 500 பேருக்கு ஒன்று. ஒவ்வொரு பாதியிலும் பிழை வரம்பு சுமார் 4.4 புள்ளி, இரண்டுக்குமான வித்தியாசத்தில் 6.2. அதற்குக் குறைந்த வித்தியாசத்தைத் தலைப்புச் செய்தியாக்காதீர்கள். நான்கு தாள்களாகப் பிரித்தால் அது 8.8 ஆகிவிடும், ஒன்றும் தேறாது.

மறுபக்கம் (பதில்)

பேரேடு சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சொந்த நாணயம் இல்லாமல், கடன் கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்ட நாட்டுக்குப் பொறுத்திருக்கும் வழியே இல்லாமல் போகலாம். 2010ல் கிரேக்கத்துக்கு நேர்ந்தது அதுதான். கடன் தந்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்ற 2015 ஜூலை வாக்கெடுப்பில் 61 சதவீதம் "வேண்டாம்" என்ற பிறகும் சிக்கனம் நிற்கவில்லை. ஆகவே பற்றாக்குறையைப் பொறுத்துக்கொள்வது அந்த நாட்டுக்கு உண்மையிலேயே சாத்தியமா என்று பார்த்துவிட்டு அந்த விடையைத் தாளில் சேருங்கள்.

இன்னொன்று, கருத்து நின்ற இடத்தில் நிற்காது. பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில், வரியைக் கூட்டிச் செலவையும் கூட்டலாம் என்றவர்கள் 2010ல் மூன்றில் ஒரு பங்கு. ஏழாண்டுச் சிக்கனத்துக்குப் பிறகு 2017ல் 60 சதவீதம். 1983லிருந்து அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டு வந்ததால்தான் அந்த ஏற்றம் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டும் கேட்கும் எண்ணம் இருந்தால், இப்போதைய தாளைச் சொல் மாறாமல் பத்திரப்படுத்துங்கள்.