கத்திரி வெயிலில் இக்ரா டெஸ்ட்: மைட்டோஜன் ட்யூப் ஏன் படுத்துவிடுகிறது?

காட்பாடி லேப்:
குடியாத்தத்தில் ரத்தம் எடுத்து காட்பாடியில் பார்க்கிறோம். டிபி தொற்றைக் காட்டும் இக்ரா ரத்த டெஸ்ட்தான், குவாண்டிஃபெரான் பிளஸ், நாலு ட்யூப்: தூண்டும் பொருள் இல்லாத நில், டிபி ஆன்டிஜன் உள்ள இரண்டு, செல்களைப் பொதுவாகத் தூண்டிப் பார்க்கும் மைட்டோஜன். வெயில் ஏறியதிலிருந்து 'இன்டிடெர்மினேட்' (முடிவு சொல்ல முடியாதது) நிறைய வருகிறது. நில் சரி, மைட்டோஜன்தான் குறைவு. ட்யூப்கள் ஐஸ் பெட்டியில் பைக்கில் வருகின்றன. டிபி கிருமி இல்லை என்று எழுதலாமா என்று டாக்டர் கேட்கிறார்.

செல்_வாசகன்:
ஐஸ் பெட்டியை நிறுத்துங்கள் சார். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சைகைப் புரதத்தை இந்த டெஸ்ட் அளப்பதில்லை. ட்யூபுக்குள் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) உயிரோடு இருந்து, ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற டிபி கிருமிப் புரதங்களின் துண்டுகளை அடையாளம் கண்டு, அதைப் புதிதாகச் சுரக்க வேண்டும். குளிரில் விறைத்த செல் சுரக்காது. வேலூர் வெயிலில் வெந்த செல்லும் அப்படித்தான். இன்குபேட்டருக்குப் போகும்வரை 17 முதல் 25 டிகிரி.

ஒவ்வொரு ட்யூபிலும் 1 எம்எல், கறுப்புக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். 10 முறை குலுக்குங்கள், உள்சுவர் முழுக்க ரத்தம் படிந்தால் போதும். ஆன்டிஜனும் மைட்டோஜனும் அந்தச் சுவரில்தான் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. ஓங்கி உதறினால் ட்யூபில் உள்ள ஜெல் பிய்ந்து அளவு தப்பும். எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரியில் நிமிர்த்தி வையுங்கள், 16 முதல் 24 மணி நேரம். உடனே வைக்க முடியாவிட்டால், வைக்கும் முன் இன்னொரு முறை 10 தடவை கவிழ்த்துக் கலக்க வேண்டும்.

குடியாத்தத்திலேயே ஒரு சின்ன இன்குபேட்டர் வைத்துவிடுவதுதான் நல்ல வழி. இன்குபேஷன் முடிந்த ட்யூபை 4 முதல் 27 டிகிரியில் 3 நாள்வரை வைத்துக்கொள்ளலாம். அப்போது அதே குளிர்ப்பெட்டி உதவும், உறையாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மாத்திரைச்சீட்டு:
நெகட்டிவ் என்று எழுதவே கூடாது. மைட்டோஜனில் நில்லைக் கழித்து 0.5 ஐயூவுக்குக் கீழே வந்தால், செல்லுக்குச் சுரக்கும் தெம்பு இருந்ததா என்பதே தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் டிபி ட்யூப் ஒன்றில் நில்லைக் கழித்து 0.35-ம் அதற்கு மேலும் வந்து, அது நில்லில் 25 சதவீதமாவது இருந்தால், மைட்டோஜன் குறைந்தாலும் பாசிட்டிவ்தான். நில் 8-ஐத் தாண்டக் கூடாது.

அனுப்பும் சீட்டில் ஸ்டீராய்டு, எச்ஐவி, லிம்ஃபோசைட் எண்ணிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அங்கே கோளாறு இருந்தால் பெட்டியை மாற்றியும் பயனில்லை.

மூட்டுவாதத்துக்கு அடாலிமுமாப் போடப் போகிறவர் என்றால் இன்னும் கவனம். கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் இன்டர்லூக்கின்-12 சுரக்கும். அதைப் பெற்ற டி செல் இன்டர்ஃபெரான் காமாவைத் திருப்பித் தரும். அது கிடைத்த பிறகுதான் மேக்ரோஃபேஜ், கிருமி இருக்கும் பையை அமிலமாக்கிக் கொல்லப் பார்க்கும். சாகாத கிருமியைச் சுற்றி எழும் கிரானுலோமா சுவர் கலையாமல் நிற்க டிஎன்எஃப் என்ற இன்னொரு சைகைப் புரதம் வேண்டும். அடாலிமுமாப் தடுப்பது அந்த டிஎன்எஃப்பை. பல வருடம் அடைபட்டிருந்த டிபி அப்போது வெளியே வரும்.

காட்பாடி லேப்:
புரிந்தது மேடம், புது சாம்பிள் கேட்கிறோம். ஏலகிரி முகாமுக்கும் இதே ட்யூப் போதுமா?

செல்_வாசகன்:
போதாது. சாதா ட்யூப் 810 மீட்டர் உயரம்வரைதான். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், அங்கே காற்றழுத்தம் குறைவதால் ட்யூப் 1 எம்எல் இழுக்காது. மலைப்பகுதிக்கென்று தனி ட்யூப் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.