பொருள்: ‘நாக்கு எடை’ வேண்டாம் – டிரெய்லர் கையேட்டுக்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களே,

மார்த்தாண்டத்து நண்பர் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பிக்கப் வண்டியின் பின்னால் சிறிய தங்கும் டிரெய்லரைப் பூட்டி ஓட்டுகிறவர்களுக்காக அவர் எழுதும் கையேட்டுக்கு இந்தச் சொற்கள் வேண்டுமாம். பாதிக்கு மேல் நன்றாகவே வந்திருக்கின்றன. ‘டிரெய்லர்’ என்பதை அப்படியே விட்டதும் சரி. ‘இழுவை’ என்று வைத்திருந்தால் குளச்சலிலும் முட்டத்திலும் இழுவைப்படகைத்தான் நினைப்பார்கள். ‘தொடர்வண்டி’யை ரயில் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘முன்னோட்டம்’ என்று ஒருவர் எழுதியிருப்பது வேடிக்கைக்காகத்தான் என்று நம்புகிறேன்.

என் சண்டையெல்லாம் ‘நாக்கு எடை’ என்ற சொல்லோடுதான்.

டிரெய்லரின் முகப்பிலிருந்து நீளும் சட்டம், பிக்கப்பின் பின்புறத்தில் டிரெய்லரை மாட்டும் உருண்டையான குமிழ்மேல் எவ்வளவு எடையோடு அமர்கிறது என்பதுதான் அதன் பொருள். அமெரிக்கர்கள் அந்தச் சட்டத்தை நாக்கு என்கிறார்கள். பிரிட்டனில் அதே எடைக்கு மூக்கின் பெயர். எந்த உறுப்பு என்று அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாதபோது நாம் ஏன் நாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? கையேட்டைப் படிக்கப்போகிறவர் ஓட்டுநர். ‘நாக்கு எடை குறைந்தால் ஆபத்து’ என்று படித்தால் அவர் மனத்தில் எந்தப் படமும் எழாது.

மாட்டுவண்டிக்காரர்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது: முன்பாரம். எதிர்ச்சொல்லும் கூடவே வருகிறது: பின்பாரம். சரக்கு அச்சுக்கு முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகத்தடியோடு சேரும் நீண்ட முன்மரமான ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், மாடு திணறும். அதனால் வண்டிக்காரர் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, சற்றே முன்பாரமாக வைத்துக்கொண்டுதான் மாட்டைப் பூட்டுவார்.

டிரெய்லருக்கும் இதே கணக்குதான். முன்பாரம் மிஞ்சினால் பிக்கப்பின் பின்பக்கம் தாழும், முன்சக்கரங்கள் இலேசாகும், ஸ்டீயரிங் பிடி தளரும். இரவில் முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பின்பாரமானால் இதைவிட மோசம். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எண்களில் கையேடு கவனமாக இருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் குமிழ்மேல் நிற்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். 750 கிலோ டிரெய்லர் என்றால் முதல் கணக்கில் 75 முதல் 112 கிலோ, இரண்டாவதில் 37 முதல் 52 கிலோ. இத்தனை இடைவெளி இருக்கும்போது எந்த ஊர் வழக்கு என்று சொல்லாமல் வெறும் எண்ணை அச்சிடக் கூடாது. எந்த வழக்கானாலும், பிக்கப் தயாரிப்பாளர் குமிழுக்கு விதித்த உச்ச எடையை மீறக் கூடாது.

எடை பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சமதரையில் டிரெய்லரை நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, முன்சட்டத்தின் நுனியை ஒரு மரத்துண்டின் வழியாகத் தராசில் இறக்க வேண்டும். பிக்கப்பில் பூட்டும்போது இருக்கும் உயரத்திலேயே அது நிற்க வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைகளில் இருக்கும் மேடைத் தராசு இதற்குப் போதும். பயணத்துக்கு ஏற்றும் சாமான் அத்தனையும் உள்ளே இருக்கும்போது பார்க்க வேண்டும், காலி டிரெய்லரை எடைபோட்டுப் பயனில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சுக்கு முன்னால் 60 லிட்டர் தொட்டி இருந்து, வழியில் தண்ணீர் தீர்ந்துவிட்டால், புறப்படும்போது பார்த்த முன்பாரம் திரும்பும்போது இருக்காது.

இனி வாலாட்டம். பட்டியலில் ‘பக்கவாட்டு ஊசலியக்கம்’ என்று இருக்கிறது. இயற்பியல் பாடநூலுக்கு அது பொருந்தும். ஓட்டுநருக்கு ‘வாலாட்டம்’ போதும் என்பது என் கருத்து. பின்னால் வருவது அடங்காமல் துள்ளுகிறது என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘என்னிடம் வாலாட்டாதே’ என்கிறோமே. நம் மாவட்டத்தில் இதை விளக்க வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. ஆடிக்காற்றில் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும் சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர்களுக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். சாலை வளைகிற இடத்தில் காற்று பக்கவாட்டில் அறையும். அதே நேரத்தில் ஒரு பஸ் முந்திப் போனால் முதலில் டிரெய்லரைத் தள்ளிப் பிறகு தன் பக்கம் இழுக்கும். பின்பாரமாக ஏற்றிய, பெட்டிபோல உயர்ந்த டிரெய்லருக்கு ஆட்டம் தொடங்க அது போதும். வேகம் கூடக் கூட ஆட்டம் தானாக அடங்குவது குறையும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இணைக்கும் செயலுக்கு ‘கொளுத்துதல்’ என்று மார்த்தாண்டத்து நண்பர் எழுதியிருக்கிறார். கதவின் கொக்கியைக் ‘கொளுத்து’ என்பது நம் மாவட்டத்தில் பழகிய சொல்தான். ஆனால் ‘டிரெய்லரைக் கொளுத்திவிட்டுப் புறப்படவும்’ என்று அச்சிட்டால் கணவாய்க்குக் கிழக்கே தீப்பெட்டியைத் தேடுவார்கள். ‘பூட்டுதல்’ என்றே வைக்கலாம், வண்டி பூட்டுவது எல்லாருக்கும் தெரியும்.

பிக்கப்பில் இருக்கும் உருண்டைக்குக் ‘குமிழ்’, டிரெய்லரில் அதன்மேல் கவிழ்வதற்குக் ‘கிண்ணம்’. பள்ளிப் பாடநூலில் தோள் மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஐரோப்பிய அளவில் குமிழ் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு, குமிழும் கிண்ணமும் ஒரே அளவா என்பதை இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். இந்த இடத்தில் கையேடு ஒரு வரி கூடுதலாகச் சொல்லலாம். கிண்ணம் குமிழ்மேல் உட்கார்ந்துவிட்டதுபோல் வெளியே தெரியும், நெம்புகோலும் மடங்கிவிடும், ஆனால் உள்ளே இருக்கும் தாடை குமிழின் அடியைக் கவ்வாமல் மேலேயே நிற்கலாம். பூட்டியபின் முன்பக்க ஜாக்கியைத் திருகி டிரெய்லரின் முகப்பைச் சற்றே உயர்த்திப் பார்க்க வேண்டும். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் கவ்வியிருக்கிறது. கிண்ணம் மட்டும் எழும்பினால் மறுபடியும் பூட்ட வேண்டும்.

குமிழிலிருந்து கிண்ணம் கழன்றால் தாங்கும் சங்கிலிகளுக்குச் ‘சேமச்சங்கிலி’ என்று வைக்கலாமா? புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு வணிகர்களான உமணர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று வண்டியின் கீழ்மரத்தில் மாற்றுக்கு ஒரு ‘சேம அச்சு’ கட்டிக்கொண்டு போகிறார்கள். இதுவும் முன்சட்டத்துக்குக் கீழே, அதே அச்சத்தோடு கட்டுவதுதான். இரண்டு சங்கிலிகளையும் கீழே குறுக்காகப் போட்டுப் பிக்கப்பின் சட்டத்தில் மாட்ட வேண்டும், கழற்றி எடுக்கக்கூடிய குமிழ்த்தண்டில் மாட்டக் கூடாது. குறுக்காகப் போட்டால் கழன்ற முகப்பு சாலையில் குத்தாமல் சங்கிலிகளின்மேல் விழும். வளைவில் திரும்புவதற்குத் தளர்வு வேண்டும், தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

டிரெய்லர் முழுவதுமாகப் பிரிந்து ஓடினால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் கம்பிக்கு நான் புதுச்சொல் தேடவில்லை. ‘கழன்றால் பிரேக் பிடிக்கும் கம்பி’ என்றே எழுதலாம். எல்லாவற்றையும் இரண்டு சொல்லுக்குள் அடைக்க வேண்டுமா என்ன?

நாகர்கோவிலிலிருந்து

———

பதில்: ஆரல்வாய்மொழியிலிருந்து

தம்பி, நீண்ட காலம் லாரி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘முன்பாரம்’ நல்ல சொல்தான், ஆனால் நீங்கள் வைக்க நினைக்கும் இடத்தில் அது குழப்பும். லாரிக்காரனுக்கு முன்பாரம் என்றால் கேபினை ஒட்டி ஏற்றிய சுமை. பிக்கப்புக்கும் சொந்தமாகச் சாமான் ஏற்றும் ஒரு தொட்டி இருக்கிறதே. ‘முன்பாரம் குறைவு’ என்று படித்ததும் ஒருவன் பிக்கப் தொட்டியில் சாமானை முன்னே நகர்த்திவிட்டுச் சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுவான். டிரெய்லர் அப்படியே கிடக்கும். எந்த வண்டியின் பாரம், எந்த இடத்தில் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

வாலாட்டத்துக்கு என் ஓட்டு உண்டு. காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில் நீளமான டிரெய்லர்கள் ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அவசரப்படுகிறவனுக்கு அந்த வேலை இல்லை. சொல்லைவிட, ஆட்டம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பயந்தவன் கால் பிரேக்குக்குத்தான் போகும். திடீரென்று பிரேக்கை மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளி மடங்கிவிடும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் வெட்டினாலும் கெட்டது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், வேகம் தானாக இறங்கட்டும். டிரெய்லருக்கு மட்டும் தனியாகப் பிரேக் கொடுக்கும் வசதி இருந்தால் அதை மெல்ல இயக்கலாம். அடங்கியதும் ஓரமாக நிறுத்திச் சாமானை மாற்றி அடுக்காமல் மேலே போகக் கூடாது.

———

பதில்: நாகர்கோவிலிலிருந்து

அண்ணாச்சி சொல்வது சரியாக இருக்கிறது. ‘எந்த வண்டி’ என்ற கேள்விக்கு நம் கையில் விடை இருந்தும் நான் அதைப் பயன்படுத்தவில்லை: ஏர்க்கால். டிரெய்லரின் முன்சட்டத்தை ஏர்க்கால் என்றே அழைத்தால், அது குமிழ்மேல் அழுத்துவது ‘ஏர்க்கால் பாரம்’. பிக்கப்புக்கு ஏர்க்கால் கிடையாது என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. முன்பாரம், பின்பாரம் இரண்டையும் டிரெய்லருக்குள் சாமான் அடுக்கும் முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது கையேட்டில் இப்படி எழுத முடியும்: ‘டிரெய்லரைப் பின்பாரமாக ஏற்றினால் ஏர்க்கால் பாரம் குறையும், வேகத்தில் வாலாட்டம் வரும்.’ ஒரு வாக்கியத்தில் காரணமும் விளைவும் வந்துவிடுகின்றன.

‘எடை’ என்று முடிக்காமல் ‘பாரம்’ என்று முடிப்பதை அருமனை ஆசிரியர் தனிமடலில் மறுத்திருக்கிறார், அலகோடு சொல்வதற்கு எடைதான் பொருத்தம் என்கிறார். நாளிதழ்களே ‘பாரம் ஏற்றிய லாரி’ என்று எழுதும்போது ஓட்டுநர்களுக்கு இது தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். அவர் நம் குழுவிலேயே தம் வாதத்தை வைத்தால் நல்லது.

அண்ணாச்சி எழுதிய ‘மடங்கிவிடும்’ என்பதையே எடுத்துக்கொண்டு ‘வண்டி மடக்கம்’ என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன். பின்னோக்கி எடுக்கும்போது நேர்வதற்கும் அதே சொல்தான். வளைவில் டிரெய்லரின் சக்கரம் பிக்கப்பின் தடத்தைவிட உட்புறமாக வெட்டிக்கொண்டு வருவதற்கு இன்னும் சொல் இல்லை. தக்கலை, களியக்காவிளைக் கடைத்தெருக்களின் திருப்பங்களில் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதுங்கள்.