அவசரம்: ஸ்டோர் திறக்கவில்லை, கன்சோலுக்கு சப்போர்ட் முடிந்துவிட்டதா?

நிலாக்குதிரை
நண்பர்களே, அவசரம். என் கேம் கன்சோலில் நேற்று இரவிலிருந்து கேம் வாங்கும் ஸ்டோர் திறக்கவில்லை. ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு முதல் திரைக்கே திரும்பிவிடுகிறது. போன வாரம்கூட நன்றாக இருந்தது. சப்போர்ட்டை நிறுத்திவிட்டார்களா? பொதுவாக ஒரு கன்சோலுக்கு எத்தனை வருடம் சப்போர்ட் இருக்கும்? நாளை ஒருவர் இதை விலைக்குக் கேட்டு வருகிறார். கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று இன்றைக்குள் முடிவு செய்யவேண்டும்.

பட்டன்தட்டி
எந்தக் கன்சோல்? அந்தப் பிழை எண் என்ன?

வட்டுவாசி
டிஸ்க்கில் வாங்கிய கேம்களா, டவுன்லோடு செய்தவையா? டவுன்லோடு என்றால் என் அனுதாபங்கள். டிஸ்க் வாங்குங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறேன், யார் கேட்கிறார்கள்? நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்கள் இரண்டிலும் 2023 மார்ச் 27க்குப் பிறகு ஸ்டோரில் எதையும் வாங்க முடியாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரை 2024 ஜூலை 29ல் மூடினார்கள். உங்களுடையதும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கும்.

சும்மாவந்தவன்
அவர் எந்தக் கன்சோல் என்றே இன்னும் சொல்லவில்லை, நீங்கள் அதற்குள் இரங்கல் செய்தி எழுதிவிட்டீர்கள்.

எட்டுபிட்
எத்தனை வருடம் என்பதற்குப் பதில் சுலபம்: எத்தனை பெட்டி விற்றதோ அத்தனை ஆயுள். சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000ல், உற்பத்தி நின்றது 2013ல். விற்றது 15 கோடிக்கும் மேல். 2013 கடைசியில்கூட அதற்குக் கால்பந்து கேம் வந்தது. சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பரில் வந்தது, ஒரு கோடியைத் தொடவில்லை, 2001 மார்ச்சில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். வீ யூ சுமார் 1.35 கோடி, நான்கு வருடம் சொச்சத்தில் உற்பத்தி நின்றது. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

மழைச்சாரல்
அப்படியானால் வீ யூவுக்கு முந்தைய வீ எந்தக் கணக்கில் வரும்? அது 10 கோடிக்கும் மேல் விற்றது. 2006ல் வந்தது, 2014 மே 20ல் ஆன்லைன் ஆட்டமே போய்விட்டது. அதே 2006ல் வந்த பிளேஸ்டேஷன் 3 அதைவிடக் குறைவாகத்தான் விற்றது. ஆனால் அதன் ஸ்டோரை மூடப்போகிறோம் என்று 2021ல் அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே சோனி பின்வாங்கியது. வீ ஸ்டோரோ 2019லேயே போய்விட்டது.

கரும்பலகை
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, மாதம் ஒருமுறை நானும் இதையே எழுதுகிறேன். தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை போலிருக்கிறது. சரி, இன்னொரு முறை.

சப்போர்ட் என்று நீங்கள் சொல்வது ஒரே கதவு அல்ல. உற்பத்தி, புதுக் கேம், ஆன்லைன் ஆட்டம், ஸ்டோர், வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்வது, பழுதுபார்ப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடும், தனித்தனிக் காரணத்துக்காக மூடும்.

உற்பத்தியை நிறுத்துவது பெரும்பாலும் சிப் விவகாரம். 2001ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். படம் வரையும் கிராஃபிக்ஸ் சிப்பை என்விடியா நிறுவனத்திடம் விலைக்கு வாங்கினார்கள், வடிவமைப்பு மைக்ரோசாஃப்டின் கையில் இல்லை. விலையைக் குறைக்கச் சொல்லி மத்தியஸ்தம் வரை போனார்கள். விரும்பியபடி சிப்பைச் சிறிதாக்கி, மலிவாக்கி ஓட்ட முடியாத பெட்டியை எத்தனை நாள் சுமப்பார்கள்? அடுத்தது வந்ததும் இது போய்விட்டது. 360க்கு வடிவமைப்பு உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள், அது 2005லிருந்து 2016 வரை உற்பத்தியில் இருந்தது. பிளேஸ்டேஷன் 2 விஷயமும் இதேதான். சோனி தன் முக்கியச் சிப்கள் இரண்டையும் பிறகு ஒன்றாக்கியது. பெட்டி மெலிந்தது, விலை இறங்கியது. எட்டுபிட் சொல்லும் 15 கோடியில் ஒரு பகுதி நீண்ட ஆயுளின் விளைவு. அவர் அதைக் காரணம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பழுதுபார்ப்பு என்றால் உதிரிபாகம். நிண்டெண்டோவின் பழைய கன்சோல் ஃபேமிகாம் 1983ல் வந்தது, உற்பத்தி 2003ல் நின்றது, 2007 அக்டோபர் வரை பழுதுக்கு எடுத்துக்கொண்டார்கள். பாகம் கிடைக்காமல் போனதால்தான் அதையும் நிறுத்தினார்கள்.

தமிழ்க்கணினி
சப்போர்ட் என்று எதற்கு? ஆதரவு என்று எழுதலாமே.

சும்மாவந்தவன்
ஆதரவு என்றால் கன்சோல் ஏதோ தேர்தலில் நிற்பது போல இருக்கிறது, ஐயா.

நிலாக்குதிரை
பெயரைச் சொன்னால் இங்கே சண்டை வந்துவிடும், அதனால் வேண்டாம். கொஞ்சம் பழைய மாடல். எண்ணைக் குறித்துவைக்கவில்லை. அறைக்குப் பெயிண்ட் அடித்ததால் எல்லா ஒயரையும் பிடுங்கி நான்கு நாள் மூலையில் வைத்திருந்தேன், அதற்குப் பிறகுதான் இப்படி. மற்றபடி எதுவும் செய்யவில்லை.

பட்டன்தட்டி
நான்கு நாள் மின்சாரமே இல்லாமலா? இதை முதலில் சொல்லியிருக்கலாம். செட்டிங்கில் தேதியைப் பாருங்கள். உள்ளே ஒரு பட்டன் பேட்டரி கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அது தீர்ந்துபோனால் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். நான் உண்மையான ஸ்டோர்தான் என்று ஸ்டோர் சர்வர் காட்டும் சான்றிதழில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று இருக்கும். பல வருடம் பின்னால் நிற்கும் கன்சோலுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் இணைப்பை ஏற்காது. தேதியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எட்டுபிட்
@கரும்பலகை விளைவு, காரணம் என்று பாடம் எடுக்கவேண்டாம். நன்றாக விற்கும் என்று தெரிந்தால்தானே சிப்பைச் சிறிதாக்கவே செலவு செய்வார்கள்? ட்ரீம்காஸ்ட்டுக்கு ஏன் யாரும் செய்யவில்லை?

மழைச்சாரல்
வீ பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கரும்பலகை
வீ, நிண்டெண்டோவின் கையடக்க டிஎஸ் இரண்டின் ஆன்லைன் ஆட்டமும் கேம்ஸ்பை என்ற வெளி நிறுவனத்தின் நுட்பத்தின்மேல் நின்றது. அந்தச் சேவையே 2014 மே மாத முடிவில் மூடப்பட்டது. 10 கோடி விற்றால் என்ன, 20 கோடி விற்றால் என்ன? அஸ்திவாரம் அடுத்தவனுடையது. முதல் எக்ஸ்பாக்ஸின் ஆன்லைனை 2010 ஏப்ரல் 15ல் நிறுத்தியதற்கும் விற்பனை காரணம் இல்லை. சேவையை மாற்றியமைக்கப் பழைய கேம்கள் இடம் தரவில்லை.

இரவுப்பறவை
அந்த ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸில் ஹேலோ 2 என்ற கேமை ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறு கும்பல் கன்சோலை அணைக்காமல் மே மாதம் வரை ஓட்டியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை உடனே வெளியேற்றவில்லை. பெட்டி ஒவ்வொன்றாகச் சூடாகி, இணைப்பு அறுந்துதான் போனார்கள். என்னைக் கேட்டால் சப்போர்ட் என்பது அதுதான்.

வட்டுவாசி
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பிளேஸ்டேஷன் 3க்கு இத்தனை வருடம் கழித்தும் சிஸ்டம் அப்டேட் வந்துகொண்டிருந்தது. எதற்கு? புளூரே டிஸ்க்கில் வரும் படங்களைத் திறக்கும் சாவியைப் புதுப்பிக்க. அதைச் செய்யாவிட்டால் புதுப் பட டிஸ்க் ஓடாது. ஆக, டிஸ்க்தான் அந்தப் பெட்டியை உயிரோடு வைத்திருக்கிறது.

சும்மாவந்தவன்
எங்கே சுற்றினாலும் டிஸ்க்கில் வந்து நிற்கிறீர்கள், வாழ்க.

கூடுதல்உயிர்
விற்பதா என்று கேட்பவருக்கு ஒன்று. அடுத்த தலைமுறைப் பெட்டி உங்கள் கேம்களை ஓட்டுமா என்று பாருங்கள். இரண்டின் உள்கட்டமைப்பும் ஒன்றுபோல இருந்தால் கேம் செய்பவர்களுக்குப் பழையதற்கும் சேர்த்துச் செய்வது பெரிய சுமை இல்லை. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013ல், காட் ஆஃப் வார் ரக்னராக் என்ற கேம் அதற்கும் 2022ல் வந்தது, பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு வருடம் கழித்து. பிளேஸ்டேஷன் 3 போல செல் என்ற விசித்திரமான புராசஸர் இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. இன்னொன்று, ஸ்டோர் மூடினாலும் வாங்கியதை இறக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் சில காலம் நிற்கும். ஆனால் எவ்வளவு காலம் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் இப்போதே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். விற்பதாக இருந்தால் உங்கள் கணக்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

நிலாக்குதிரை
தேதிதான். 2000 ஜனவரி 1 என்று இருந்தது. மாற்றினேன், ஸ்டோர் திறந்துவிட்டது. விற்கவில்லை. நன்றி.

கரும்பலகை
முதல் பதிவிலேயே விவரம் கொடுத்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

சும்மாவந்தவன்
சொன்னது பட்டன்தட்டி.

பட்டன்தட்டி
ஒயரைப் பிடுங்கி அரைமணி நேரம் கழித்து மாட்டிப் பாருங்கள். தேதி மறுபடி 2000க்குப் போனால் பேட்டரி செத்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும். சில மாடல்களில் எளிதாகக் கழற்றலாம், சிலவற்றில் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அதற்காவது மாடல் என்ன என்று சொல்லுங்கள்.

எட்டுபிட்
@கரும்பலகை கேம்ஸ்பை மூடியது 2014ல், சரி. வீ ஷாப் மூடியது 2019ல். அது யாருடைய அஸ்திவாரம்?